ஏழு பேருக்கும் சடை பின்னிய தீதிக்கு (அக்காவுக்கு)

முகாமில் ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் பிள்ளை இன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள் என்று அவள் அம்மா காலையில் போன் செய்தார். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ராஜஸ்தான் பாலி மாவட்டத்து ரோஹட்டில் 2023 ஜனவரி 4 முதல் 10 வரை 18-ஆவது தேசிய ஜம்போரி, அதாவது நாடு முழுக்க உள்ள சாரணர், சாரணியர் கூடும் பெருமுகாம். 1956 ஜெய்ப்பூருக்கு அப்புறம் 66 வருஷம் கழித்து அந்த மாநிலத்துக்கு வந்த ஜம்போரி என்று எங்கள் பிள்ளைகள் ரயில் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டுச் சாரணியர், கூட நான்.

அந்த ராத்திரி ஒருத்தியோடு நான் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன். மற்ற ஏழு பேர் கூடாரத்தில். 35,000 பேருக்கு மேல் கூடிய மைதானம். துணை முகாம்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் போட்டு, எல்லா ஏற்பாடும் இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு ஒரே நினைப்பு: பிள்ளைகள் தூங்கினார்களா, விடிந்தால் ஆய்வுக்கு யார் கிளப்பிவிடுவார்கள்? முகாம் ஆய்வு எப்படியென்று போனவர்களுக்குத் தெரியும். மூங்கிலில் கட்டிய செருப்பு ஸ்டாண்டு முதல் விரல் நகம் வரை பார்ப்பார்கள்.

விடியற்காலை திரும்பி வந்தேன். ஏழு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். ரெட்டைச் சடை, மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்து. கழுத்துத்துணியில் ஒரு சுருக்கமில்லை.

பக்கத்துக் கூடாரத்து ஒடிசா ஆசிரியைதான். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பிள்ளைகளுக்கு இந்தி வராது. எங்கள் அணித்தலைவி ஒரு பிள்ளைக்குப் பின்னிக் காட்டினாளாம். அதைப் பார்த்து மற்றவர்களுக்கு அவர் பின்னியிருக்கிறார். வெந்நீர் ஊற்றிய சொம்பால் கழுத்துத்துணிகளைத் தேய்த்திருக்கிறார். கடைசிப் பிள்ளைக்கு ஒரு ரிப்பன் குறைந்ததால் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் அவர் பிள்ளை யாருடையதோ ஒரு சிவப்பு. எங்கள் கூடார வாசலில் அவர் போர்வை மடித்துக் கிடந்தது. அந்தக் குளிரில் அங்கேயே படுத்திருக்கிறார்.

கைகுலுக்க, சாரண முறைப்படி இடது கையை நீட்டினேன். அவர் என் தலையைப் பார்த்தார். அப்படியே கீழே உட்காரவைத்து, சீப்பை எடுத்து வாரிவிட ஆரம்பித்துவிட்டார். அம்மா போன பிறகு என் தலையை யாரும் வாரிவிட்டதில்லை. அங்கேதான் முதல்முறையாக அழுதேன்.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிய ரோவர் (மூத்த சாரணர்) தம்பிகள், முதலுதவிக் கூடாரத்தில் இருந்தவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ராத்திரியெல்லாம் போனை எடுத்துப் பதில் சொன்ன மாநிலக் குழுத் தலைவர், ரயிலில் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்த குடும்பம், ஒரு வார்த்தை கோபிக்காத பெற்றோர்கள், எல்லோருக்கும் என் கைகூப்பு. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முகாமில் கூடாரம் அடித்த கையோடு இரண்டு பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக்கொள்வேன். இது நான் எனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கு. அவர்கள் ஊரில் சடை எப்படிப் பின்னுவார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்வேன்.

தீதி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அந்தச் சிவப்பு ரிப்பன் எங்களிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர அந்தக் கடைசிப் பிள்ளைக்கு மனசில்லை.