பெட்டியில் இருக்கும் மருந்தை எடுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எலி ஒழிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாக அண்மைச் செய்திமடலில் அறிவித்திருக்கிறீர்கள். அதே பக்கத்தின் கீழே, நோயுற்ற காட்டு விலங்கு ஒன்று வளாகத்துக்குள் நடமாடுவதால் குழந்தைகளையும் நாய்களையும் தனியே வெளியே விட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று குழுவில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்கள் இன்னமும் 'பரிசீலனையில்' இருப்பதாலும், குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் இருப்பதாலும், இதைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். சுவரோரங்களில் வைத்திருக்கும் கறுப்புப் பெட்டிகளிலிருந்து எலி மருந்தை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எச்சரித்த அந்த விலங்கை நானும் பார்த்தேன். அது ஒரு பாப்கேட். மனித வாடை பட்டாலே மறைந்துவிடும் அந்தக் காட்டுப்பூனை, நட்டநடுப் பகலில், நீச்சல் குளத்தின் பின்புறம் குழாய் கசிந்து தேங்கிய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. முகமெங்கும் சாம்பல் நிறப் பொருக்கு. இமைகள் பாதி ஒட்டிப்போயிருந்தன. காதிலிருந்து தோள்வரை மயிரே இல்லை. நான் நடந்து வந்த சத்தத்துக்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை. அதற்கு இரண்டெட்டுத் தள்ளி நம் மருந்துப் பெட்டி. அதன்மேல் ஒட்டிய சீட்டு வெயிலில் வெளுத்து, உள்ளே இருப்பது என்ன மருந்து என்று படிக்க முடியாத நிலையில் இருந்தது.

அந்த விலங்கின் இரத்தத்தைச் சோதிக்காமல், நம் பெட்டிதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் கலிபோர்னியாவின் இதே சாந்தா மோனிகா மலைகளில் இருபது ஆண்டுகளுக்கு முன் பாப்கேட்டுகள் சொறி பிடித்து வரிசையாகச் செத்தபோது, அவற்றின் ஈரலில் எலி மருந்து இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த மருந்து, கொல்லாத அளவில் உடலில் தங்கினாலும் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது என்று பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகளும் காட்டின. உங்கள் அலுவலகச் சுவரில் படமாகத் தொங்கும், ஆய்வாளர்கள் பி-22 என்று எண்ணிட்ட மலைச்சிங்கத்துக்கும் (பூமா) 2014-இல் இதே சொறிதான் பிடித்தது. அதன் இரத்தத்திலும் எலி மருந்து இருந்தது. அதைப் பிடித்து, முறிவு மருந்தான வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2019-இல் பி-47-க்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மூன்றே வயதான அந்த ஆண் சிங்கம் தலையிலும் நுரையீரலிலும் இரத்தம் கசிந்து இறந்தது. அதன் ஈரலில் ஆறு வகை மருந்துகள் இருந்தன. 2022-இல் கார் மோதி இறந்த பி-54 என்ற பெண் சிங்கத்தின் வயிற்றில் நான்கு குட்டிகள் இருந்தன. இன்னும் பிறக்காத அவற்றின் உடலிலும் மருந்து ஏறியிருந்தது.

மலைச்சிங்கம் எலியைத் தேடி வருவதில்லை. அதன் உணவு பெரும்பாலும் மான். ஆனால் மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும் அதைக் கயோட்டி என்ற சிறு ஓநாயோ பாப்கேட்டோ சுலபமாகப் பிடித்துத் தின்கிறது, அவற்றைச் சிங்கம் தின்கிறது, ஒவ்வொரு படியிலும் ஈரலில் மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. இந்த மலைத்தொடரில் வளர்ந்த சிங்கங்கள் பத்துப் பதினைந்துக்கு மேல் ஒரே சமயத்தில் வாழ்வதில்லை. நெடுஞ்சாலைகள் சூழ்ந்து அடைபட்டு, நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து, வால் மடங்கிய குட்டிகள் பிறக்கும் நிலைக்கு வந்துவிட்ட கூட்டம் அது. அதற்காகத்தான் லிபர்ட்டி கேன்யனில், 101 நெடுஞ்சாலையின் பத்துத் தடங்களுக்கு மேலே, விலங்குகள் கடப்பதற்கென்றே அவ்வளவு பெரிய பாலத்தை 2022-இல் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாலத்தின் படத்தைச் செய்திமடலின் முகப்பில் போட்டுப் பெருமைப்படுகிறோம். பாலம் கடந்து வரப்போகும் விருந்தாளிக்கு இலை போட்டு நாம் பரிமாறக் காத்திருப்பதோ இதுதான்.

'சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மருந்து' என்று ஒப்பந்ததாரர் சொன்னதாக ஒரே ஒரு பதில் வந்தது. எந்த மருந்து என்று அதிலும் இல்லை. இரத்தத்தை உறையவிடாத மருந்துகளில் வீரியம் மிகுந்த 'இரண்டாம் தலைமுறை' வகையை 2021-இலும், பழைய வகைகளான டைஃபாசினோனை 2024-இலும், குளோரோஃபாசினோனையும் வார்ஃபரினையும் 2025-இலும் இந்த மாநிலம், சில விலக்குகளோடு, தடை செய்துவிட்டது. எனவே பெட்டியில் இருப்பது ஒன்று தடைசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விலக்கில் வருவதாகவோ, ப்ரோமெத்தலின் என்ற நரம்பு நஞ்சைப் போல வேறு வகை மருந்தாகவோ இருக்க வேண்டும். இரத்தத்தை உறையவிடாத மருந்துக்காவது வைட்டமின் கே உண்டு. ப்ரோமெத்தலினுக்கு முறிவு மருந்தே கிடையாது என்பதை, நாய் வளர்க்கும் குழு உறுப்பினர்கள் தங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுக் கதவின் நிறத்தை அரைச் சாயல் மாற்றினாலும் மறுநாளே அபராதக் கடிதம் அனுப்பும் சங்கம், வேலியெங்கும் ஐவிக் கொடியையும் பனைகளில் காய்ந்த மட்டைகளையும் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டு எலிக்கு மாளிகை கட்டித் தருகிறது. குப்பைத் தொட்டியின் உடைந்த மூடியை மாற்றப் பணமில்லை என்கிறீர்கள். மாதந்தோறும் மருந்து நிரப்பப் பணம் இருக்கிறது. போதாக்குறைக்கு, மலையடிவாரத்தில் வீடு வாங்கியவர்களே போன கூட்டத்தில் எழுந்து, சிங்கத்தை 'வேறெங்காவது கொண்டுபோய் விடச்' சொன்னார்கள்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும். எலிகளோடு வாழச் சொல்லி நான் கேட்கவில்லை. என் வீட்டு மாடப்பரணிலும் எலி வந்தது. அரை அங்குலத்துக்கு மேலான துளைகளையெல்லாம் கம்பிவலை வைத்து அடைத்து, உதிர்ந்த ஆரஞ்சுப் பழங்களைப் பொறுக்கி, விசைப்பொறி வைத்ததும் நின்றது. இதே பெட்டிகளுக்குள் மருந்துக்குப் பதில் விசைப்பொறிகளை வைக்கலாம். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை. மருந்தை எடுத்தால் போதும்.

ஆகவே, ஒப்பந்தத்தின் நகலையும் மருந்தின் பெயரையும் குடியிருப்போர் பார்வைக்கு வைக்குமாறும், மருந்தில்லா முறைக்கு ஒப்பந்தத்தைத் திருத்துவதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், அதுவரை பெட்டிகளைக் காலியாக வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐவிக் கொடியை வெட்ட ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தால், கத்தரியும் கையுறையுமாக வர எங்கள் தெருவில் சில வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் செலுத்தும் ஒரு குடியிருப்பாளர்