மாடல் ரயிலுக்கு சேண்ட் பேப்பர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறைப் பொழுதுபோக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில் மாடல் ரயிலுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அதில் சொன்ன இரண்டு யோசனைகள் பெற்றோரின் காசையும் பிள்ளைகளின் ஆசையையும் பாழாக்கிவிடும். கையில் இருக்கும் பணத்தை நல்ல இஞ்சினில் போடுங்கள் என்பது ஒன்று. ரயில் நின்று நின்று போனால் தண்டவாளத்தை சேண்ட் பேப்பரால் தேயுங்கள் என்பது மற்றது. நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது செந்தூலில் என் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் பலகை போட்டு மாடல் ரயில் ஓட்டுகிறேன். வீட்டுக்காரி அதை இன்னமும் துணி காயப்போடும் அறை என்றுதான் சொல்கிறாள்.

பெரிய ரயிலோ சின்ன ரயிலோ, தடம் புரண்டால் எல்லோரும் இஞ்சினைத்தான் முதலில் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு கீழே, பாதையில் இருக்கும். மலிவான இஞ்சினை நல்ல பாதையில் விட்டால் ஒழுங்காக ஓடும். விலை உயர்ந்த இஞ்சினை மோசமான பாதையில் விட்டால் மூன்றே மாதத்தில் பெட்டிக்குள் போய்விடும்.

முதலில் பலகை. வெயில் சூட்டில் கம்பி நீண்டு பாதை வளைந்துவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அசல் பாதையில் அது நிஜம்தான். 12 மீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். வீட்டுக்குள் கதை வேறு. ஒரு கஜ நீள மாடல் தண்டவாளம் 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட நீளாது. நகர்வது மரம். மழை பிடித்துக்கொண்டால் ஊதும், ஏர்கான் போட்டால் சுருங்கும். அதனால் நல்ல பிளைவுட் வாங்கி, மேல்பக்கம் மட்டும் இல்லாமல் அடிப்பக்கம், அறுத்த ஓரம் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துக் காயவைத்த பிறகே பாதை போட வேண்டும். நேர்ப்பாதையில் அங்கங்கே இணைப்புகளில் தடித்த தாள் அளவு இடைவெளி விட்டால் போதும்.

அடுத்து இணைப்பு. இரண்டு துண்டுத் தண்டவாளங்களைக் கோர்க்கும் சின்னத் தகட்டுக்கு இரண்டு வேலை: பாதையை நேராகப் பிடிக்க வேண்டும், மின்சாரத்தையும் கடத்த வேண்டும். நம் ஈரக்காற்றில் இரண்டாவது வேலையை அது நாளடைவில் கைவிட்டுவிடும். தூரத்து வளைவில் ரயில் சோர்ந்து ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் பலகைக்கு அடியிலிருந்து தனி ஒயர் கொடுத்து ஈயம் வைத்துவிட்டால் தகட்டை நம்பியிருக்க வேண்டாம். வளையும் தண்டவாளம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு துண்டுகளை நேராக வைத்து இணைத்து, ஈயம் வைத்து, அதற்குப் பிறகுதான் வளைக்க வேண்டும். வளைத்துவிட்டு இணைத்தால் சரியாக அந்த மூட்டில் ஒரு முனை துருத்தும், பெட்டி அங்கேதான் இறங்கும். வளைத்த பிறகு உள்பக்கக் கம்பி வெளியே நீண்டு நிற்கும். அதை வெட்டி, அரத்தால் ராவி, உள்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

கண்ணால் பார்ப்பதற்கு எங்கள் கேங்கில் ஒரு முறை உண்டு. மண்டோர், அதாவது கேங்கின் மேஸ்திரி, குந்தி உட்கார்ந்து, கன்னம் தண்டவாளத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தூரத்தில் நிற்கும் ஆட்களுக்குக் கையை மட்டும் அசைப்பார். அவர்கள் கடப்பாறையால் நெம்புவார்கள். மேசை மேல் உள்ள பாதைக்கும் அதே வழிதான். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பாதையும் நேராகத்தான் தெரியும்.

கட்டுரையாளர் அளவைப் பற்றியும் சொல்லவில்லை. கடைகளில் அதிகம் விற்கும் எச்ஓ என்பது அசலில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம் நாட்டு ரயிலான கே.டி.எம். ஓடுவதோ மீட்டர் பாதையில், அதாவது 1,000 மில்லிமீட்டர் அகலத்தில். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையும் மீட்டர்தான். எனவே நம் ரயிலையே செய்ய நினைத்தால், அதே அளவுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளைகளைக் கே.எல். சென்ட்ரலுக்குக் கூட்டிப் போங்கள். கே.டி.எம். கம்யூட்டர் ரயில் மீட்டர் பாதையில் நிற்கும், கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யும் விமான நிலைய ரயிலும் 1,435 மில்லிமீட்டர் பாதையில் நிற்கும்.

வளைவை எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். கடையில் வாங்கும் ரயில் செட்டோடு வரும் 18 அங்குல ஆர வளைவை அசல் அளவுக்கு மாற்றினால் 40 மீட்டர்கூட வராது. அப்படி ஒரு வளைவை மெயின் லைனில் போடச் சொல்லியிருந்தால் எங்கள் இன்ஸ்பெக்டர் மயங்கி விழுந்திருப்பார்.

ஜல்லி கொட்டும் அவசரமும் வேண்டாம். அசல் பாதையைப் பிடித்து வைப்பது ஜல்லி. மாடலில் அது அழகுக்குத்தான், பிடிப்பது பசை. ஒட்டிவிட்டால் அதன்பிறகு எதையும் திருத்துவது பெரும்பாடு. சில வாரம் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றான பிறகு வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மருந்து டிராப்பரால் ஊற்றுங்கள். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்டின் அசையும் நாக்குப் பக்கம் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

சேண்ட் பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். தேய்த்த அன்று ரயில் அருமையாக ஓடும், அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். ஆனால் அது விடும் மெல்லிய கீறல்களில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு முன்னைவிடச் சீக்கிரமாக அழுக்குச் சேரும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். இஞ்சின் சக்கரத்தையும் அப்படியே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள அழுக்கு மறுபடி கம்பிக்கு வந்துவிடும்.

அடுத்த ஞாயிறே இதை ஒரு திருத்தமாகப் போட்டால் நல்லது. விடுமுறை தொடங்கிவிட்டது, இந்நேரம் எத்தனை வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தண்டவாள ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்