அரை டிகிரி

லியுப்லியானா,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே பத்து நாளாக மூடுபனி. குன்றின்மேல் இருக்கிற கோட்டை நடுப்பகலிலும் தெரிவதில்லை. பக்வீட் மாவில் களி மாதிரி ஒன்று கிண்டுகிறார்கள். அம்மிச்சியின் கம்பங்களிக்கு முன் அது நிற்காது, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்பும் கிடையாது.

"நீ செய்கிற கல் ஒரு டம்ளர் தண்ணீரையாவது ஐஸ் ஆக்குமா?" என்று போனில் கேட்டீர்கள். அன்று மழுப்பிவிட்டேன். ஆக்காது, அப்பா. முப்பது வருடமாக பிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுகிறவரிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

கேஸை அழுத்தினால் சூடு, விரியவிட்டால் குளிர்: உங்கள் தொழில் அதுதான். என் கல்லில் அழுத்துவது மின்சாரம். கல்லுக்குள் எண்ணற்ற மின் இருமுனைகள் (ஒரு முனை பாசிட்டிவ், மறுமுனை நெகட்டிவ்) ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கின்றன. வோல்டேஜ் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், கல் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு வோல்டேஜை எடுத்தால் பழையபடி கலையும், கல் குளிரும். கம்ப்ரசரும் இல்லை, கசிய கேஸும் இல்லை. உங்கள் 134ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஏறக்குறைய 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இந்த வேலைக்கு ஆள் வைத்திருப்பதே அதனால்தான்.

பேரியம் டைட்டனேட் என்ற கல் 120 டிகிரிச் சூட்டுப் பக்கம்தான் இந்த வித்தையை நன்றாகக் காட்டும். சமையலறை பிரிட்ஜுக்கு அது எதற்கு? டைட்டானியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு சிர்கோனியம் சேர்த்தால் அந்தச் சூடு இறங்கி நம் அறை வெப்பத்துக்கு வரும். கால் பங்கைத் தாண்டிச் சேர்த்தால் கல்லின் குணமே மாறும். நம் கொறங்காட்டில் ஆடுகள் ஒரே மந்தையாக நிற்காமல், கிளுவை வேலியோரம் நாலு, வேலாமர நிழலில் ஆறு என்று பிரிந்து மேயுமே, இருமுனைகளும் அப்படிச் சிறுசிறு கூட்டமாகிவிடும். இந்த வகைக்கு ரிலாக்ஸர் என்று பெயர். ஒரே டிகிரியில் மட்டும் வேலை செய்யாமல் அகலமான வெப்ப எல்லையில் வேலை செய்யும். உச்சம் குறையும், வீச்சு கூடும்.

பொடிகளை இரவெல்லாம் அரைத்து, வில்லையாக அழுத்தி, 1,400 டிகிரி சூளையில் சுடுகிறேன். அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஆயிரம் வோல்ட் ஏற்ற வேண்டும். போன வாரம் மூன்று வில்லைகள் பட்டென்று பொத்துக்கொண்டன. நாலாவது தாங்கியது, அரை டிகிரி குளிர்ந்தது. இரண்டு மாத உழைப்புக்கு அரை டிகிரி! சிரிக்காதீர்கள்.

ஈயம் கலந்தவை இதைவிடக் கெட்டிக்காரக் கற்கள். 2006-இல் ஈயம் கலந்த ஒரு மெல்லிய படலத்தில் 12 டிகிரி மாற்றம் கண்டார்கள், ஆனால் 226 டிகிரிச் சூட்டில். 2023-இல் லக்சம்பர்க்கில் ஈயக் கற்களின் ஊடே திரவத்தை முன்னும் பின்னும் ஓட்டி, இரு முனைகளுக்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினார்கள். ஈயத்தைத் தொட்டால் எனக்கும் பட்டம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் பழைய பேட்டரி உருக்குகிற கொட்டகைப் பக்கம் போகாதே என்று சின்ன வயதில் என் காதைத் திருகியது நீங்கள்தானே? இங்கே மின்சாதனங்களில் ஈயத்துக்குச் சட்டமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது, சில விலக்குகளோடு. எனக்குச் சட்டத்தைவிட அந்தக் காது வலிதான் நினைவிருக்கிறது.

இன்னொன்று. வீட்டுக்கார அம்மாளின் பிரிட்ஜ் நேற்றிலிருந்து குளிரவில்லை. "குளிர்சாதன ஆராய்ச்சிதானே செய்கிறாய், பார்த்துச் சொல்" என்கிறார். பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன்: கம்ப்ரசர் கை வைக்க முடியாத சூடு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம், அப்புறம் அமைதி. ரிலேயா, கம்ப்ரசரே போய்விட்டதா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். கடைக்குப் போய்விடாமல் வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்