சின்னம்மாவுக்கு: மண்டையைத் திறப்பது பற்றி

அன்புள்ள சின்னம்மா,

"காதுக்குப் பின்னால் கீறுவதானால் சம்மதம், மண்டையைத் திறப்பதானால் வேண்டவே வேண்டாம்" என்று, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் காது வழியே ஒழுகுகிறது, அறுவை செய்து அடைக்க வேண்டும் என்ற டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களாம். தம்பி பட்டர்வொர்த்திலிருந்து அழைத்துச் சொன்னான். தொலைபேசியில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் பதறுவேன், அதனால் எழுதுகிறேன். காது ஒழுகலைச் சீழ் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் காது மூக்கு தொண்டை அறுவைக்கூடத்தில் தாதியாக நிற்பவள் நான். உங்களைப் போல வருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரு காது மட்டும் அடைக்கும். நடுக்காதில் நீர் என்று செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார்கள். பிறகு நிறமும் நாற்றமும் இல்லாத நீர் ஓயாமல் வடியும். காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். அன்று உங்களைக் குனிய வைத்துச் சின்னக் குப்பியில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்களே, அதில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருந்தது. சளியிலோ சீழிலோ அது இராது. வடிவது மூளைநீர்தான்.

நம் உடல் ஒரு நாளில் ஏறக்குறைய 500 மில்லி மூளைநீரைச் சுரக்கிறது. ஆகவே நீர் தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். அது வடியும் ஓட்டை வழியாகவே காதுக் கிருமி மூளையுறைக்குப் போய்விடும் என்பதுதான் என் பயம். டாக்டர் நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடச் சொன்னது அதற்காகத்தான். பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தானாக நின்றதே என்கிறீர்கள். அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு விரிந்தவர். அந்த வகை பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடும். உங்களுக்குத் தலைக்குள் அழுத்தம் கூடி, எலும்பு மெல்ல மெல்லத் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. இது தானாக மூடுவது அரிது.

இப்போது வழி. காதுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எலும்பை வீட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து அடைக்கலாம், மேலே ஏறியும் அடைக்கலாம். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து போவது முதல் வழி. ஓட்டை சிறிதாகவும் பின்பக்கமாகவும் இருந்தால் அதுவே போதும். மூளையைத் தொட வேண்டியதில்லை. உங்கள் சி.டி. ஸ்கேனில் ஓட்டை முன்பக்கம், கேட்கும் சிற்றெலும்புகளுக்கு நேர் மேலே இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் தெரிகிறது. கீழிருந்து அங்கே போக வேண்டுமானால் சிற்றெலும்பை எடுக்க நேரலாம். நன்றாகக் கேட்கும் காதை எதற்காகப் பணயம் வைப்பது?

மேல்வழியில் காதுக்கு மேலே எலும்பில் ஒரு சிறு சன்னல் திறப்பார்கள். மூளையை அதன் உறையோடு மெதுவாகத் தூக்கினால் கூரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நெற்றிப்பொட்டுத் தசையின் மேலிருக்கும் வெண்மையான சவ்வை எடுத்து, எலும்புத் துண்டோ குருத்தெலும்போ சேர்த்து, அடுக்கடுக்காக வைத்து மூடுவார்கள். எடுத்த எலும்பைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். இரத்தக்கசிவு, வலிப்பு போன்ற ஆபத்துகள் இதில் உண்டு, மறைக்க மாட்டேன். அவற்றை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். சிலருக்கு இரண்டு வழியையும் சேர்த்துச் செய்வார்கள். கேட்கும் திறனே போய்விட்டவர்களுக்கு நடுக்காதை வயிற்றுக் கொழுப்பால் நிரப்பி, காதுத் துளையையே தைத்து மூடுவதும் உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை.

ஓட்டையை அடைத்தாலும் அழுத்தம் குறையாவிட்டால் வேறு இடத்தில் ஒழுகும். அந்த அழுத்தத்தைப் பார்க்கத்தான் கண் பரிசோதனை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்த பிறகு பார்க்கலாம் என்கிறீர்கள். பாரம் தூக்கிப் படியேறுவது இப்போதும் கூடாது, அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கும் கூடாது. குனிவதும் முக்குவதும் மூக்கைச் சிந்துவதும் அப்படித்தான். நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டு செலுத்தலாம். முருகன் உங்களிடம் கணக்குப் பார்க்க மாட்டான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க நானும் வருகிறேன். ஸ்கேன் வட்டையும் கேட்கும் திறன் சோதித்த தாளையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் அக்கா மகள்