பெண்ணாள் கூலி என்று சட்டத்தில் ஒரு கூலி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் சாசனத் திருத்தங்களையும் சம உரிமையையும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை மாகாணத்து இடஒதுக்கீட்டு வழக்கால் 1951-இல் வந்த முதல் திருத்தத்தில் தொடங்கி, மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-ஆம் ஆண்டின் 106-ஆவது திருத்தம் வரை தெளிவாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் வேலையிடத்துச் சமத்துவம் இரண்டே பத்தியில் முடிந்துவிட்டது. எங்கள் நீலகிரி மலையில் அதிகம் பேர் கேட்கும் கேள்வி அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதம்.

கேத்தி பக்கமோ குந்தா பக்கமோ கேரட் எடுக்க ஆள் கூப்பிடும்போது, பல இடங்களில் கூலியை இரண்டாகத்தான் சொல்கிறார்கள். ஆணாளுக்கு இவ்வளவு, பெண்ணாளுக்கு இவ்வளவு. ஒரே பாத்தியில் ஆண் மண்ணைக் கிளறிக்கொண்டு முன்னால் போகிறார். பின்னாலேயே பெண் கிழங்கைப் பிடுங்கி, மண்ணை உதறி, தழையைத் திருகி எறிந்து, மூட்டைக்குச் சேர்க்கிறார். இருவரும் காலையில் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள், ஒரே நேரத்தில் கரையேறுகிறார்கள். கூலி மட்டும் ஒன்றாக இல்லை. இதே பெண் நூறு நாள் வேலைக்குப் போனபோது ஆணுக்கும் அவருக்கும் ஒரே விகிதம்தான். அரசு வேலையில் சரியாக இருந்தது தனியார் நிலத்தில் ஏன் மாறுகிறது?

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ எந்தத் திருத்தத்திலும் வந்ததல்ல. சாசனத்தில் முதல் நாளிலிருந்தே, 39(டி) என்ற கூறில் இருக்கிறது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது என்று 37-ஆவது கூறு சொல்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 14, அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் 16 ஆகிய கூறுகள் அரசைக் கட்டுப்படுத்துபவை. 1982-இல் ரண்தீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கூறுகளை 39(டி)யோடு சேர்த்துப் படித்துச் சம ஊதியத்தை நிலைநாட்டியது உண்மைதான். ஆனால் அவர் டெல்லி காவல்துறையின் ஓட்டுநர், அதாவது அரசு ஊழியர். தனியார் தோட்டக்காரர் மீது ‘14-ஆவது கூறை மீறிவிட்டார்’ என்று எழுதும் மனு நிற்காமல் போவது இதனால்தான். மனுவில் சாசனம் நிறைய இருக்கும், தேதியும் தொகையும் இருக்காது.

தனியாரைக் கட்டுப்படுத்த வந்தது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் (Code on Wages) நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனி எழுதும் மனுவில் இந்தப் புதுச் சட்டத்தின் பெயர் இருக்க வேண்டும்.

அதன் 3-ஆவது பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தை வைத்து ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. ‘ஒத்த தன்மை’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். சின்ன வித்தியாசம் நடைமுறையில் பெரிதில்லை என்றால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கிளறுவதும் பிடுங்குவதும் ஒத்த வேலையா என்று தகராறு வந்தால், அரசு அறிவிக்கும் அதிகாரி தீர்மானிப்பார். ‘ஆண்தான் மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றுகிறான்’ என்று ஒரு பதில் வரும். அதில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் ஏற்றுக்கூலியைத் தனியாகப் போட்டு, ஏற்றுகிறவர் யாரோ அவருக்குக் கொடுக்கட்டும். அரை மணி நேர ஏற்றுக்காக நாள் முழுவதுக்கும் இரண்டு கூலி வைப்பதற்கு அது காரணம் ஆகாது.

‘பெண் கூலியை ஏற்றினால் ஆண் கூலியைக் குறைப்பார்கள்’ என்ற பயமும் இருக்கிறது. பல வீடுகளில் கணவனே மனைவியைத் தடுப்பது இதனால்தான். அதே 3-ஆவது பிரிவு, சமப்படுத்துவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இது ஒவ்வொரு ஆண் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால் மனுவுக்கு வலுவான சாட்சி, பக்கத்துப் பாத்தியில் நின்ற அந்த ஆண்தான்.

‘ஊரில் பேசி வைத்த கூலி’, ‘இந்த விலைக்கு விற்றால் கட்டாது’ என்பவை வழக்கமான மற்ற இரண்டு பதில்கள். பெண் சுருக்கெழுத்தாளர்களின் சம்பளம் பற்றிய மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், 1987-இலேயே உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பேசி முடித்த ஒப்பந்தம் என்பதாலோ நிறுவனத்துக்கு வசதியில்லை என்பதாலோ சம ஊதியத்தை மறுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு.

மனுவுக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நிலம் இருக்கும் இடம், செய்த வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கிடைத்த கூலி, அன்று கூட நின்ற ஆணின் பெயர், அவருக்குக் கிடைத்த கூலி ஆகியவற்றை அன்றன்று எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய கணக்கை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். பணம் போனுக்கு வந்தால் அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. ஊதியச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. விவசாயத்தில் ஐந்து பேருக்கு மேல் வைக்காதவருக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு அவரும் ஆதாரம் காட்ட வேண்டும். குறைவாகக் கொடுத்தார் என்று கோரிக்கை வந்தால், சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இது 59-ஆவது பிரிவு.

கோரிக்கையை 45-ஆவது பிரிவின்படி, அரசு நியமித்த அதிகாரியிடம் மூன்று ஆண்டுக்குள் வைக்க வேண்டும். தொழிலாளியே கொடுக்கலாம், அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் கொடுக்கலாம். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு 150 ரூபாய் குறைவு, மாதம் 20 நாள் வேலை என்றால், ஓர் ஆண்டில் 36,000 ரூபாய். இதைக் கணக்குப் போட்டு மனுவில் எழுத வேண்டும். ‘நியாயம் வழங்குக’ என்று மட்டும் எழுதினால் எவ்வளவு வழங்குவது என்று அதிகாரிக்குத் தெரியாது.

பெரிய தேயிலை எஸ்டேட்டுகளில் நாள் சம்பளம் இருபாலருக்கும் ஒன்றுதான். அங்கே குறை எடையில் ஒளிந்திருக்கிறது. கவ்வாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது), மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலையை யாரும் தராசில் நிறுப்பதில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், அவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மழை நாளில் ஈரத்துக்கும் பைக்கும் என்று கண்ணளவில் கழிக்கும் இடங்களில், ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ, நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஆறு கிலோ போய்விடும். வெறும் பையை அதே தராசில் அவர்கள் கண்முன் நிறுத்துக் குறித்து வைக்கச் சொல்லலாம். தராசில் முத்திரை இருக்கிறதா, அது எந்த ஆண்டுக்கானது என்று பார்க்கலாம். எடையளவுச் சட்டத்தையும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் கவனிக்கிறது, இரண்டு புகாருக்கும் ஒரே துறைதான்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு உங்கள் கட்டுரையில் விடுபட்ட ஒரு திருத்தம் உதவும். 1976-இன் 42-ஆவது திருத்தம் 39ஏ என்ற கூறைச் சேர்த்து, இலவச சட்ட உதவியை அரசின் கடமை ஆக்கியது. அதன் வழி வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அது உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் பெண்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் மிகவும் உதவும்.

73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது. தமிழ்நாட்டில் 2016 முதல் சட்டப்படி அது பாதி. மே 1 அன்றும் கிராம சபை கூடுகிறது. கிராம சபையால் கூலி நிர்ணயிக்க முடியாது. ஆனால் ‘கூலியில் பால் வேறுபாடு சட்ட விரோதம்’ என்று தீர்மானம் போட்டு ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்க முடியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தோட்ட வேலைக்கு ஆட்கள் தேவை’ என்று வரும் விளம்பரங்களில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கண்டால், அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லி விளம்பரதாரருக்கே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.