வட்டக்களரி கட்டித் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்ச் சனங்களுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும்,

போன சனிக்கிழமை இரவு பாடசாலை மைதானத்தில் எங்கள் தரம் 11 பிள்ளைகள் ஆடிய கூத்தைப் பார்த்தவர்கள், சந்தையிலும் கோயிலடியிலும் என்னைக் கண்டால், "எப்படி டீச்சர் இந்தப் புள்ளயள இப்படிப் பழக்கினீங்க?" என்று கேட்கிறார்கள். நான் பழக்கவில்லை. அதை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் 14 பேர். அதில் 9 பேர் பெண்பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்காக அவர்கள் கிரேக்க அரங்கு படிக்கிறார்கள், நாட்டிய சாஸ்திரம் படிக்கிறார்கள், சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் பற்றிப் படிக்கிறார்கள். கூத்தும் படிக்கிறார்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு ஆட்டமுறை, பாத்திரம் களரிக்கு வரும் வரவு, தாளக்கட்டு எல்லாம் கொப்பியில் இருக்கும். போன வருடம் ஒரு பிள்ளை, கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியைப் படமாகக் கீறி, பெயர்களும் குறித்துக் கொண்டுவந்தாள். நடுவில் கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர், சுற்றிவர ஆடுவோர், அதற்கு வெளியே பார்வையாளர். ஒரு பிழை இல்லை. முழுப் புள்ளி போட்டுவிட்டு, "நீ களரி பார்த்திருக்கியா மகள்?" என்று கேட்டேன். இல்லை என்றாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்த பிள்ளை. பாட்டன் கூத்தில் தருமராசனாக ஆடியவர். யுத்தமும் இடப்பெயர்வும் எங்கள் பக்கத்துக் களரிகளைப் பல வருடம் இருட்டாக்கிப் போட்டதை அன்றைக்குத்தான் நான் உறைப்பாக உணர்ந்தேன். அன்று பின்னேரமே அண்ணாவியார் ஐயாவின் வளவுக்குப் போனேன்.

ஐயா, முதல் நன்றி உங்களுக்குத்தான். முழங்கால் நோவோடு ஏழு மாதம், கிழமைக்கு மூன்று நாள், சைக்கிளில் வந்தீர்கள். பணம் என்று நான் வாயெடுத்த போதெல்லாம் கதையை மாற்றினீர்கள். ஒரு கை வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

ஊருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல ஐயா சம்மதம் தந்திருக்கிறார். முதல் நாள் வந்து வேப்பமரத்தின் கீழ் இருந்தவர், பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "நாப்பது வருசமா என்ட களரியில பொம்புளப் புள்ள கால் வெச்சதில்ல டீச்சர்" என்றார். கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னார். திரௌபதைக்கும் சுபத்திரைக்கும் ஆண்கள்தான் சேலை கட்டி ஆடி வந்தார்கள். நான் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் ஐந்து பையன்கள் மட்டும் பழகினார்கள். ஒன்பது பெண்பிள்ளைகளும் விறாந்தைப் படியில் வரிசையாக இருந்து பார்த்தார்கள்.

நாலாம் நாள் ஒரு பையனுக்குத் தாளம் முடியும் இடத்தில் கிறுகி நிற்க வரவில்லை. ஏழெட்டுத் தரம் பிழைத்தது. அப்போது படியிலிருந்து, மெதுவாக, சரியான இடத்தில் ஒரு கால் சத்தம். ஐயா மத்தளத்தை நிறுத்தினார். "ஆரு அது?" படியில் மூச்சுச் சத்தமே இல்லை. "எழும்பி வா புள்ள" என்றார். களரிப் படம் கீறிய அதே பிள்ளைதான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் வந்து நின்றாள். மத்தளம் விழுந்தது. ஒரு வட்டம் முழுக்க ஆடினாள். ஐயா தாளத்தைக் கூட்டினார், அவளும் கூடவே போனாள். முடித்து நின்றபோது அவளுடைய சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. ஐயா கொஞ்ச நேரம் மத்தளத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். மறுகா, "நாளைக்கு எல்லாப் புள்ளயளும் வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை நீங்கள் பார்த்த அபிமன்யு அவள்தான்.

கூத்தைச் சுருக்கியதும் சின்ன வேலை இல்லை. விடிய விடிய ஆடுவதை ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஐயாவின் தகப்பன் காலத்து ஏடு வெள்ளத்தில் போய், நினைவில் இருந்ததை அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டுப் போட்டு அழித்தார். எதை விடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் சாப்பாடும் சரியாக இல்லை என்று வீட்டம்மா சொன்னார். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' மேடையேற்றியபோதும் முழு இரவுக் கூத்தைச் சுருக்கித்தான் போட்டார், அதற்கு ஆட்டம் பழக்கப் போனவர் எங்கள் மாவட்டத்து வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "செல்லையா அண்ணாவியார் வெட்டினவரெண்டா நானும் வெட்டலாம்" என்று சொல்லி அன்று இரவே முடித்துவிட்டார்.

மண்டபத்தில் ஆட அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "சக்கர வியூகத்த ஒரு பக்கம் திறந்த பெட்டிக்குள்ள எப்படிக் காட்டுற?" என்று கேட்டார். படச்சட்ட மேடைக்கும் வட்டக்களரிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு பாடவேளை எடுத்துப் படிப்பித்திருக்கிறேன். ஐயாவின் அந்த ஒரு கேள்வியில் பிள்ளைகளுக்கு அது விளங்கிவிட்டது. அபிமன்யு உள்ளே போக, வெளியே போகும் வழி ஒவ்வொன்றாக அடைபடுவதைச் சுற்றியிருந்த நீங்கள் எல்லோரும் நாலு திசையிலிருந்தும் பார்த்தீர்கள். "நாங்களும் அடைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று பட்டது டீச்சர்" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்து அழுதார். அந்த அம்மாவுக்கும் நன்றி.

களரி கட்டித் தந்த அப்பாமார், அண்ணன்மாருக்கு: அறுவடை முடிந்த களைப்போடு உழவு இயந்திரத்தில் மண் கொண்டுவந்து கொட்டி, மேடாக்கி, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினீர்கள். கம்பு நட்டு, மாவிலை கட்டி, மேலே வெள்ளைத் துணியும் கட்டினீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எதிர்பாராத மழை பெய்து பாதி மண் கரைந்தபோது நான் மண்டபத்துக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். நீங்கள் யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. இரவு பதினொரு மணிக்கு மறுபடி மண் வந்து இறங்கியது.

அரசர்மாரின் கரப்புடுப்புக்குத் துணி தந்தவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் நானா. வாங்கிய விலைக்கே தந்தார், சரிகைக் கரை முழுவதும் இலவசம். அதைத் தைத்த அக்கா, வளையம் வைத்த உடுப்பை முன்பின் தைத்ததில்லை. கோழி அடைக்கும் கரப்பு ஒன்றைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்து, அதன் மேல் துணியைப் போட்டுப் போட்டு அளவு எடுத்தார். கண்ணாடித் துண்டு பதித்த முடிகளும் புயக் கட்டைகளும் தச்சு மாமாவின் கைவேலை. எல்லாவற்றையும் தன் பட்டா லொறியில் ஏற்றி இறக்கிய தம்பி டீசல் காசும் வாங்கவில்லை. கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவிகள் இருவர் லீவு போட்டு வந்து ஒப்பனை செய்தார்கள். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய பணம் விளக்குக்கும் வயருக்கும் போனது. மிச்சத்தில் பாடசாலைக்கென்று தாளம் போடும் சல்லாரி ஒரு சோடியும் 14 சோடிச் சதங்கையும் வாங்கியிருக்கிறோம். கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அதிபர் அவர்களுக்கு: கடைசி இரண்டு பாடவேளையை விட்டுத் தந்ததோடு, "நாடகம் படிச்சு என்ன செய்யப்போகுது" என்று மகளை வேறு பாடத்துக்கு மாற்ற வந்த ஒருவரை உட்காரவைத்து, ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பேசி அனுப்பினீர்கள். அந்தத் தகப்பன் சனிக்கிழமை முன் வரிசையில் இருந்தார். அவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இன்னொரு பின்னேரம். பிள்ளைகள் பாடத்துக்காக 'மனமே'யிலிருந்து ஒரு துண்டைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கண்ணை மூடி இருந்த ஐயாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. "இது நம்மட மத்தளம் மாதிரிக் கிடக்கே மனே, ஆர்ர?" என்று கேட்டார். 1956இல் வந்த சிங்கள நாடகம், அவர்களுடைய நாடகம என்ற பழைய ஆட்டமுறையை வைத்துச் செய்தது, அதில் அடிக்கிற மேளத்தைச் சிங்களத்தில் 'தெமள பெரய', அதாவது தமிழ் மேளம் என்றே சொல்வார்கள் என்று ஒரு பையன் விளக்கினான். ஐயா அந்தத் துண்டைத் திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் தரம் மத்தளத்தை மடியில் எடுத்து வைத்துக் கூடவே வாசித்தார். நான் படிப்பித்த பாடங்களில் அதுபோல ஒன்று இல்லை.

பிளேன்டீயும் அவித்த கடலையும் தந்த அம்மாமாருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் காணாது. பிள்ளைகள் இனிச் செயன்முறைப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள், உங்கள் வாழ்த்து வேண்டும்.

கடைசியாக இரண்டு விஷயம். சுபத்திரைக்கு இரவல் வாங்கிய பச்சைக் காஞ்சிபுரம் சேலை கழுவி மடித்து என்னிடம் இருக்கிறது, உரிய அம்மா வந்து எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் முடியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டு மைதானத்தில் விழுந்திருக்கிறது. கண்டெடுத்தவர்கள் பாடசாலையில் தாருங்கள். தரம் 10 பிள்ளைகளுக்கு ஐயா அடுத்த புதன்கிழமை தொடங்குகிறார், அந்த முடி தேவைப்படும்.

என்றும் நன்றியுடன்,
நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியை