கடைமடைக் காணியை விற்ற சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

வெள்ளிக்கிழமை உங்கள் முதல் வருஷத் திதி. அதற்கு அடுத்த வாரம் களத்துமேட்டு மனைக்குப் பத்திரப்பதிவு. வேளச்சேரியில் நம் பெயரில் மிச்சமிருக்கிற கடைசித் துண்டு அதுதான். நானும் கையெழுத்துப் போடப்போகிறேன். அதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

விற்பதற்கான காரணங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். சிலவற்றைப் பலர் படிக்கிற இடத்தில் எழுதக் கூடாது. பங்காளிகள் நால்வருக்கும் நால்வகைக் கஷ்டம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊர்க் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டீஸ்வரர் கோயில் கல்லில் சோழர் காலத்திலேயே வெளிச்சேரி என்று பேர் வெட்டப்பட்ட ஊர். ஏரியை நம்பி அத்தனை நூற்றாண்டு நெல் விளைந்தது. உங்கள் தலைமுறையும் என் தலைமுறையும் சேர்ந்து அதை முடித்துவைத்தோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

1976 நவம்பர் மழை. நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் பதிவான மழை அது. அரிக்கேன் விளக்கோடு நீங்கள் ஏரிக்கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் குனிந்து, மதகை ஒட்டிக் கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தீர்கள். தெளிவாக வந்தால் பயமில்லை, கரை சும்மா வியர்க்கிறது, பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு அடுத்த இடம் பார்க்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது, விடிவதற்குள் கரை போய்விடும். அன்று வந்தது கலங்கல். கூட இருந்தவர்கள் களிமண்ணை வைத்து ஓட்டையை அடைக்கப் போனார்கள். நீங்கள் விடவில்லை. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே வேறு வழி தேடும். அதனால் ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்கச் சொன்னீர்கள். உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறி நின்றதும், அதன் கனமே ஊற்றை எதிர்த்து அமுக்கியது. கலங்கல் தெளிந்தது. அந்த வட்டத்துக்குள் மண் அரிப்பு நின்றால் போதும், கசிவு நிற்க வேண்டியதில்லை என்பது அங்கே நின்ற பலருக்கும் அன்றுதான் விளங்கியது.

பிறகு ஏரியின் மிகுநீர் வழிந்தோடுகிற கலங்கலுக்கு ஓடினீர்கள். அங்கே நட்ட கற்களுக்கு நடுவே வைக்கோல் பிரியும் களிமண்ணும் வைத்து ஒரு முழம் உயர்த்தியிருந்தார்கள். அடுத்த நெல் போகமான நவரைக்குத் தண்ணீர் சேர்க்கத்தான். அடைமழை ஓய்ந்த பிறகு வைக்க வேண்டியதை, கார்த்திகை பிறந்ததுமே அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே நம்பிவிட்ட ஆட்கள். மண்வெட்டியை எடுத்து நீங்கள் நடுவில் வெட்டினீர்கள். ஓரத்தில் வெட்டினால் பாய்கிற வேகத்தில் பக்கத்துக் கரையையும் சேர்த்து அறுக்கும். "நவரை போச்சு" என்று கத்தியவர்களில் நம் தாத்தாவும் ஒருவர். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. அன்று போனது ஒரு முழத் தண்ணீர். கரை நின்றது.

தண்ணீரின் குணம் தெரிந்த மனிதர் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள்தான் முதலில் விற்றீர்கள். அதுவும் கடைமடையை.

ஒரு காணி என்பது 24 கிரவுண்டு. நம் ஊர் நெல் நிலத்தை அளந்த கோலாலேயே நகரம் மனையையும் அளந்துகொண்டது. உங்கள் காணி மனையானபோது பாதை போக மிச்சத்துக்கு மூன்றடி மண் கொட்டினார்கள். வாய்க்காலின் வாலும் அந்த மண்ணுக்கு அடியில் போனது. மேல்மடையில் பாய்ச்சிய தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கி, கடைசியில் கடைமடை வழியாகத்தான் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போயாக வேண்டும். வடிகால் அடைபட்டதும் உங்களுக்கு மேலே இருந்த வயலில் தண்ணீர் நின்றது. சம்பா நாற்று வேர் அழுகிச் சிவந்தது. அடுத்த வருஷம் அந்த வயல்காரர் விற்றார், பிறகு அவருக்கு மேலே இருந்தவர். கீழிருந்து மேலாகப் போன ஊர் இது.

கொஞ்சம் பொறுங்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அநியாயம். கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வாய்க்காலில் இறங்கியது வீட்டுச் சாக்கடை. சாக்கடை உரத்தில் பயிர் கறுகறுவென்று தழைக்கும், இடுப்புக்கு மேல் வளரும், பால் பிடிக்கும் முன் சாயும். அறுத்து அடித்தால் பாதி பதர். மடை திறந்து மூடுகிறவருக்குக் களத்தில் நெல்லாக அளந்த கூலி, களமே குறைந்தபோது குறைந்தது. 1980இல் ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு எடுத்தபோது, எந்த வயலுக்கு எந்த மடை என்று வாயால் சொல்லக்கூடிய கடைசி ஆட்களும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். பாய்ச்சலும் இல்லாமல் வடிகாலும் இல்லாமல் நீங்கள் எதைக் காத்துக் கிடந்திருக்க முடியும்? அக்காளின் கல்யாணம் வேறு. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மன்னியுங்கள். ஆனாலும் மேல்மடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாய்க்காலுக்கு நாலடி விட்டு விற்றிருக்கலாம் சித்தப்பா. அந்த நாலடிக்கு உங்களுக்கு என்ன விலை குறைந்திருக்கும்?

ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களான ஆயக்கட்டு போனதும் ஏரி யாருக்கும் வேண்டாத வெறும் பள்ளமாகிவிட்டது. 265 ஏக்கர் இருந்ததில் இன்று சுமார் 55 ஏக்கர்தான். அரசு வாரியக் குடியிருப்புகள், நூறடிச் சாலை, பிறகு ஆளாளுக்குப் பிடித்தது. போன 210 ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தாலே எட்டரை லட்சம் கன மீட்டர், அதாவது 3 கோடி கன அடித் தண்ணீர். அது நிற்க இடம் வேண்டுமே. 2015 டிசம்பரில் ராம் நகரிலும் விஜயநகரிலும் ஏ.ஜி.எஸ். காலனியிலும் நின்றது அதுதான். பழைய நெல் வயலின் மட்டத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, வெள்ளம் வந்தது என்கிறார்கள். கீழே சதுப்பும் சுருங்கிவிட்டது. 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருப்பது மிஞ்சிய 1,247 ஹெக்டேரைத்தான். அதையும் தாண்டி ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று தண்ணீர் கடலுக்குப் போக ஒரே பாதை. 2024இல் மேலே கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை அரசு எடுத்து, அங்கே குளம் வெட்டத் தொடங்கினார்கள். வேளச்சேரிக்கு வரும் வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கத்தான். நல்ல வேலை, நான் வரவேற்கிறேன். இருந்தாலும், கீழே தூர்த்த ஏரியை மேலே தோண்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

களத்துமேட்டு மனை விஷயத்துக்கு வருகிறேன். அதன் கிழக்கு ஓரத்தில் ஆறடி வாய்க்கால் இருந்தது உங்களுக்குத் தெரியும். கிராமத்தின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் இரட்டைக் கோடாக அது இருக்கிறது. பிறகு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். கணக்கிலும் புறம்போக்கு என்று உட்பிரிவு எண்ணோடு இருக்கிறது. நகர அளவையில் மட்டும் பக்கத்துத் தெருவோடு சேர்ந்துவிட்டது. இப்போது வாங்குகிறவர் தரப்பில், பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் கிழக்கே 'தெரு' என்று எழுதச் சொல்கிறார்கள். தெரு என்றால் மதிப்பு கூடும், வாசலும் வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதி நாலு பேர் கையெழுத்தும் போட்டுவிட்டால், நாளைக்கு வாய்க்காலைத் தேடி வருகிறவன் கையில் நம் பத்திரமே எதிர்ச் சாட்சியாக நிற்கும்.

நான் கிழக்கே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று பழைய மூலப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். புலப்பட நகலையும் இணைப்பாக வைக்கச் சொன்னேன். விலை கொஞ்சம் குறையும். என் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள். உங்கள் மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. போனிலும் எடுக்கவில்லை. இதை அவன் படிப்பான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஆகையால் இதற்குமேல் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். உங்கள் காணியில் விடாமல் போன நாலடியை அவன் இங்கே விடட்டும். திதிக்கு வருகிறேன். புலப்பட நகல் இரண்டு கொண்டுவருகிறேன், ஒன்று அவனுக்கு.

உங்கள் அண்ணன் மகன்